எட்டாவது ரிங்

எட்டு ரிங் போகிறவரை போனை வைக்கக் கூடாது என்பது அந்த அலுவலகத்தின் எழுதாத சட்டம். நாலு ரிங்கில் வைத்துவிட்டால், எதிர்முனையில் இருப்பவர் அடுப்பிலிருந்து கை துடைத்துக்கொண்டு வருவதற்குள் அறுத்துவிட்டோம் என்று ஆகும். பத்தைத் தாண்டினால் கடன் வசூலிக்கிறவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். எட்டுதான் மரியாதை. மெஹ்னாஸ் வேலைக்குச் சேர்ந்த அன்று தேவப்பிரியம் மேடம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம் இதுதான்.

முகத்துவாரக்குப்பத்து நம்பர் மட்டும் ஒருநாளும் இரண்டாவது ரிங்கைத் தாண்டியதில்லை.

"வணக்கம். ஃபேபர் காலேஜ்லருந்து பேசறேங்க. வெற்றி சார்கிட்ட பேசலாமா?"

"கடலுக்குப் போயிகிறான்மா." ஒரு பெண்ணின் குரல். கொஞ்சம் தணிந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுவதுபோல இருக்கும்.

"எப்ப வருவாரு?"

"வந்தொடனே சொல்றேன். நீ சாப்ட்டியா கண்ணு?"

"சாப்ட்டேம்மா. அடுத்த மாசம் கூப்புடறேன்."

"கூப்புடு. மறக்காம கூப்புடு."

அதற்குப் பிறகும் அந்தம்மா போனை வைக்கமாட்டாள். எப்போதும் மெஹ்னாஸ்தான் வைக்க வேண்டும். வைப்பதற்கு முன் அவளும் கொஞ்ச நேரம் காதில் பிடித்துக்கொண்டிருப்பாள். காற்று கேட்கும். காற்றுக்குப் பின்னால் அலை கேட்கும். அலைக்கும் பின்னால், இன்னும் தள்ளி, யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். தண்டையார்ப்பேட்டையில் தன் வீட்டில் சோறு வடிக்கும்போதோ, காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதோ அந்தச் சத்தம் திடீரென்று காதுக்குள் வரும். அது எந்தச் சத்தம் என்று பிடிபடுவதற்குள் போய்விடும்.

ஃபேபர் கல்லூரி ராயபுரத்தில், ரயில் பாதைக்கும் மீன்பிடித் துறைமுகத்துக்கும் நடுவில் இருந்தது. சேசு சபைச் சாமியார்கள் நடத்துவது. பல்கலைக்கழகம் என்று பெயர்ப்பலகை மாறி மூன்று வருடம் ஆகியும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது காலேஜ்தான். கோயிலுக்குப் பின்னால், தரைத்தளத்தில், மூன்று மேசைகள் போட்ட ஒரு அறை வளர்ச்சி அலுவலகம். பழைய மாணவர்களைத் தேடிப் பிடித்துப் பேசி, வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளின் படிப்புக்கு உதவி கேட்பது அவர்கள் வேலை. பாதி நேரம் வேலை பேசுவதே இல்லை, கேட்டுக்கொண்டிருப்பதுதான். முப்பது வருடத்துக்கு முன் படித்தவர் தன் முட்டிவலியைச் சொல்வார். அதைக் கேட்டால்தான் அடுத்த மாதம் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று ஆரம்பிக்க முடியும்.

மூன்று பேருக்கும் மூன்று பட்டியல். பழைய பேட்ச்கள் பிரகாஷிடம், இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு படித்தவர்கள் மெஹ்னாஸிடம், கிறிஸ்தவப் பங்குக் கோயில்கள் வழியாக வந்தவர்கள் தேவப்பிரியம் மேடத்திடம். மாதக் கடைசியில் இயக்குநர் அஜின் ஃபாதர் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் யாருடைய பட்டியல் எவ்வளவு நகர்ந்தது என்று எழுதுவார். அவர் எழுதியது ஊக்கப்படுத்துவதற்காக. ஆனால் அந்தப் பலகை வந்த நாளிலிருந்து ஒருவர் பட்டியலை இன்னொருவர் பார்த்ததில்லை. மேசை இழுப்பறைகளுக்குப் பூட்டு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் குழம்பைப் பகிர்ந்துகொள்வார்கள், பெயரைப் பகிர்ந்துகொள்ள மாட்டார்கள்.

பிரகாஷ் மெஹ்னாஸோடு பேசுவதையே நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. வண்ணாரப்பேட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஷாகுல் ஹமீதை அவன் இரண்டு வருடமாகப் பழக்கப்படுத்தி வைத்திருந்தான். அது தெரியாமல் மெஹ்னாஸ், யாரோ கொடுத்த நம்பரில், அவரை ஒருநாள் கூப்பிட்டாள். "நம்ம புள்ளையா, வாம்மா" என்று அவர் உடனே சரி சொல்லிவிட்டார். மறுநாள் பிரகாஷ், "ரெண்டு வருசம் நான் தண்ணி ஊத்தினேன், பறிச்சுகினு போனது வேற ஆளு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அதுதான் கடைசிப் பேச்சு.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு கட்டம் உண்டு. உடனே கொடுப்பார் என்றால் ஹாட். பேசினால் படிவார் என்றால் வார்ம். நம்பிக்கை இல்லை என்றால் கோல்ட். வெற்றியின் பெயருக்கு எதிரில் மெஹ்னாஸ் மாதாமாதம் வார்ம் என்றுதான் எழுதினாள். இவ்வளவு அன்பாகப் பேசுகிற அம்மாவின் பிள்ளை ஒருநாள் எடுக்காமலா போவான் என்பது அவள் கணக்கு. வெற்றி, பி.காம்., இரண்டாயிரத்துப் பதினாலு. அதே உதவியில் படித்தவன். மாதத்தின் நாலாவது வியாழக்கிழமை அந்த பேட்ச்சின் முறை.

அந்த ஆனி மாத வியாழக்கிழமையும் அப்படித்தான் கூப்பிட்டாள். அப்படித்தான் பதில் வந்தது. "தடைக்காலம் முடிஞ்சிச்சில்ல, போட்டு எல்லாம் எறங்கிடுச்சு, இவனும் போயிகிறான்" என்று மட்டும் அந்தம்மா கூடுதலாகச் சொன்னாள். போனை வைத்த பிறகுதான் மெஹ்னாஸுக்குத் தோன்றியது: போன மாதம் மீன்பிடித் தடைக்காலம். போன மாதமும் கடலுக்குத்தானே போயிருந்தான்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு அஜின் ஃபாதர் எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொல்வார். சேசு சபைக்காரர்கள் தினமும் செய்யும் ஆன்ம சோதனையை அவர் வாரத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்கும் கொண்டுவந்திருந்தார். ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். வாரம் முழுக்க மனதில் யார் வந்து நின்றார்கள் என்று பார்க்க வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியம். யாரும் பதில் சொல்லவோ திருத்தவோ கூடாது. மெஹ்னாஸ் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு உட்காருவாள். அஸர் தொழுகை நேரமும் அதுதான் என்பதால் அவளுக்கு அந்த அமைதி அந்நியமாக இருந்ததில்லை.

தேவப்பிரியம் மேடம் தன் தங்கையின் ஆபரேஷனைச் சொன்னார். பிரகாஷ் வழக்கம்போல, "நன்றி, ஒண்ணும் இல்ல ஃபாதர்" என்றான்.

மெஹ்னாஸ், "முகத்துவாரக்குப்பத்துல ஒரு அம்மா" என்றாள். "பையனைக் கேட்டா எப்பவும் கடலுக்குப் போயிருக்கான்னு சொல்றாங்க. ரெண்டரை வருசமா ஒருநாள்கூட அவரு வூட்ல இல்ல. அவங்க கொரல் நேத்துலருந்து என் காதுலயே கீது."

பிரகாஷின் நாற்காலி தரையில் உரசியது.

கூட்டம் கலைந்ததும் அவன் வராந்தாவில் அவளுக்காக நின்றான். வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருந்தன.

"மெஹ்னாஸ். நீ சொன்னது வெற்றியவா?"

எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் வாயில் தன் பெயரைக் கேட்டதில் அவள் கேள்வியையே தவறவிட்டாள். அவன் மறுபடியும் கேட்டான்.

"ஆமாண்ணா. பதினாலு பேட்ச்."

"அவன் போயி ரெண்டரை வருசம் ஆவுது."

"எங்க போயி?"

பிரகாஷ் அவளைப் பார்க்காமல் உள்ளே போனான். இழுப்பறையைத் திறந்து நீல அட்டை போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு வந்தான். இரண்டரை வருடத்துக்கு முன், புயல் வந்த மாதத்துக்கு அடுத்த மாதத்துப் பக்கம். அவன் கையெழுத்து. வெற்றி, தகப்பனார் காலஞ்சென்ற மாரியப்பன். புயலில் கவிழ்ந்த ஃபைபர் போட்டில் மூன்று பேர். இரண்டு பேர் உடல் பழவேற்காட்டுப் பக்கம் ஒதுங்கியது. வெற்றி கிடைக்கவில்லை. நாற்பதாம் நாள் வீட்டுக்குப் போய் அம்மாவையும் மனைவியையும் பார்த்தேன். ஃபாதரிடம் சொல்லிப் பூசையில் நினைக்க வேண்டும்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்ததும், அந்த நம்பரை முதன்முதலில் அடித்ததும் அதற்கடுத்த வாரம்.

"எனக்கு ஏண்ணா சொல்லல?"

"நீ இன்னும் அவனக் கூப்புட்டுகினு கீறன்னு எனக்கு இன்னா தெரியும்? உன் லிஸ்ட்டதான் நீ யார்கிட்டயும் காட்ட மாட்டியே."

"நீ காட்டுவியா?"

அவன் காசிமேட்டுக்காரன். கோபம் வந்தால் குரல் துறைமுகம் வரை போகும். இப்போது குரல் எழும்பவில்லை.

"இன்னொண்ணு கீது. கேளு. வெற்றி பொண்டாட்டி ஜோதிகா எனக்கு தூரத்துச் சொந்தம். காசிமேட்ல இறா உரிக்கிற எடத்துல வேலை செய்து. போன மாசம் என்னாண்ட அழுதுச்சு. யாரோ ஒருத்தி மாசாமாசம் அவருக்குப் போன் பண்றாளாம். அத்தை போனை எடுத்துகினு பின்னால போயி ரகசியமா பேசுதாம். கேட்டா ஒண்ணியும் சொல்ல மாட்டேங்குதாம். புருசன் சாவல, எவகூடவோ எங்கியோ கீறான், மாமியாருக்கும் தெரியும்னு அது நெனைச்சிகினு கீது. நான் எவளோ லோன்காரின்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அலைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது யார் என்று மெஹ்னாஸுக்கு இப்போது தெரிந்தது.

"இந்த ஆடி அமாவாசைக்குக் காரியம் பண்ணிடலாம்னு ஊர்ல நாள் குறிச்சிட்டாங்க" என்றான் பிரகாஷ். "அது முடிஞ்சாத்தான் பஞ்சாயத்து லெட்டர் குடுப்பாங்க. லெட்டர் இல்லாம டெத் சர்ட்டிபிகேட்டுக்கு எங்கியும் நகர முடியாது. அந்தப் பொண்ணுக்கு இருவத்தேழு வயசு. புருசன் கீறான்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல. அத்தை கடல்ல வுடறதுக்கு அவன் லுங்கியத் தொட வுட மாட்டேங்குது. எம்புள்ளையத் தேடி ஆளு வந்துகினு கீது, காரியம் பண்ணுவியான்னு கேக்குது."

தேடி வந்த ஆள். மெஹ்னாஸ் நோட்டை மூடி அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

தேவப்பிரியம் மேடம் எப்போது வாசலுக்கு வந்து நின்றார் என்று இருவருக்கும் தெரியவில்லை. ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். "நாளைக்குச் சனிக்கிழமை. லீவுதான். ரெண்டு பேரும் வாங்க" என்றார். "மூணு லிஸ்ட்டையும் ஒரே மேசைல வைக்கலாம்."

மறுநாள் காலையிலிருந்து மாலைவரை வைத்துப் படித்தார்கள். ஒருவர் பெயரை வாசிக்க, மற்ற இருவரும் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. பெரம்பூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வுபெற்ற ஒருவர், மூன்று பேரிடமும் தனித்தனியாக, "உங்ககிட்ட மட்டும் சொல்றேன், அடுத்த மாசம் கண்டிப்பா" என்று மூன்று வருடமாகச் சொல்லி வந்தது வெளிவந்தது. "ஆளு பலே கில்லாடி. நாமதான் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கலயே, தப்பிச்சுகினாரு" என்று பிரகாஷ் சொன்னபோது மெஹ்னாஸ்கூடச் சிரித்தாள்.

மத்தியானத்துக்குப் பிறகு சிரிப்பு நின்றுபோனது. மெஹ்னாஸ் ஒரு பெயரை வாசிப்பாள், மேடம், "அவரு கொரோனால போயிட்டாரு. நான் பூசைக்கு எழுதினேன்" என்பார். பிரகாஷ் ஒரு பெயரை வாசிப்பான், மெஹ்னாஸ், "அவங்க மக எங்கிட்ட அழுதாங்கண்ணா" என்பாள். ஒருவர் பட்டியலின் இறந்தவர்கள் இன்னொருவர் நோட்டில் இருந்தார்கள். நாற்பத்தொரு பேர். வார்ம் என்று எழுதிய கட்டங்களுக்குள் அத்தனை நாள் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது மேசை இல்லாத அந்த அறையில் அன்று மாலை நிறையப் பேர் இருப்பதுபோல மெஹ்னாஸுக்குத் தோன்றியது. எழுந்து மின்விசிறியைக் குறைத்தாள். யார் குளிருக்காகக் குறைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நாற்பது பெயர்களை அடித்தார்கள். வெற்றியின் பெயரில் மட்டும் மேடம் பேனாவை வைத்துவிட்டு மெஹ்னாஸிடம் நகர்த்தினார். மெஹ்னாஸ் அதைப் பிரகாஷிடம் நகர்த்தினாள். அவனும் எழுதவில்லை.

"போயி சொல்லிட்டு வந்து அடிக்கலாம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரகாஷும் மெஹ்னாஸும் ரயிலில் எண்ணூருக்குப் போனார்கள். திருவொற்றியூர் தாண்டியதும் மணலிப் பக்கத்து ஆலை நெடி ஜன்னல் வழியாக ஏறி வந்து கூட உட்கார்ந்துகொண்டது. மெஹ்னாஸ் தலைத்துணியால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"யார் சொல்றது?" என்று பிரகாஷ் கேட்டான்.

"நான்தாண்ணா. என் கொரல்தான."

"என் நோட்டும்தான். சேந்தே சொல்லலாம்."

ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ. பின்பு நடை. முகத்துவாரக்குப்பத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது, ஓட்டின் மேல், துவைத்துப் போட்ட துணியின் மேல், கவிழ்த்து வைத்த போட்டின் மேல். முகத்துவாரத்தில் ஆறு எது கடல் எது என்று பிரிக்க முடியாமல் தண்ணீர் ஒரே நிறத்தில் கிடந்தது. ஆலை எண்ணெய் கசிந்து மிதந்து வந்த வருடத்துக் கோடு இன்னும் கல்லில் கறுப்பாக இருந்தது.

வீட்டு வாசலில் ஒரு பெண் குந்திக்கொண்டு காரப்பொடி மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐஸில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு. பிரகாஷைப் பார்த்து, "வாண்ணா" என்றாள். மெஹ்னாஸைப் பார்த்துவிட்டு மறுபடியும் மீனை எடுத்தாள்.

"ஜோதிகாக்காவா?" என்றாள் மெஹ்னாஸ். "நான் ராயபுரத்துலருந்து..."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "யாரது? காலேஜ் பொண்ணா?"

ஜோதிகாவின் கையில் மீன் நின்றது.

வெற்றியின் அம்மா கோவிந்தம்மா வெளியே வந்தாள். கத்திவாக்கம் மார்க்கெட்டில் முப்பது வருடம் மீன் அன்னக்கூடை சுமந்த கழுத்து. இத்தனை நாள் கேட்ட குரலுக்கு மெஹ்னாஸ் ஒரு சின்ன உருவத்தை மனதில் வைத்திருந்தாள். வந்தவள் நெடுநெடுவென்று இருந்தாள். மெஹ்னாஸின் முகத்தை இரண்டு கையாலும் தொட்டாள்.

"நீதான. வூட்டாண்டவே வந்துட்டியா. இன்னா இவ்ளோ இளைச்சிருக்க, சாப்ட்டேன் சாப்ட்டேன்னு பொய்தான் சொன்னியா? உள்ள வா. இறா போட்டு கத்திரிக்கா கொழம்பு வச்சிகிறேன்."

"எந்த காலேஜு?" ஜோதிகா எழுந்துவிட்டாள். மீன் கையைப் புடவையில் துடைத்தாள். "நீதானா அது? மாசாமாசம் அவரக் கேட்டுகினு வர்றது நீதானா?"

"நான்தாங்க்கா."

"நீ யாரு அவருக்கு?"

"யாரும் இல்லக்கா. அவர நான் பாத்ததுகூட இல்ல." மெஹ்னாஸ் பையிலிருந்து பட்டியலை எடுத்தாள். எடுத்த பிறகு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் நீட்டினாள். "காலேஜ்ல படிச்சவங்களுக்கு எல்லாம் போன் போடறது என் வேலை. நூத்திச் சொச்சம் பேரு. அதுல ஒரு பேரு. அவரு இல்லைன்னு எனக்குத் தெரியாது. முந்தாநேத்துதான் பிரகாஷண்ணா சொன்னாரு."

ஜோதிகா காகிதத்தை வாங்கவில்லை. மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவள் கண்கள் அந்தப் பெயரில் போய் நின்றதை மெஹ்னாஸ் பார்த்தாள்.

"ரெண்டு வருசமா அவரத் திட்டிகினு கீறேன்" என்றாள். சொல்லிவிட்டு அந்த வார்த்தையையே கேட்பவள்போல நின்றாள். "தெனம். இறா உரிக்கறப்போ ஒவ்வொண்ணுக்கும் ஒரு திட்டு. எவகூடக் கீறியோ அங்கியே அழிஞ்சி போன்னு. செத்தவர."

"நான் நாப்பதாம் நாளு வந்தேன்ல அத்தை" என்று பிரகாஷ் கோவிந்தம்மாவிடம் சொன்னான். "எழுதிகினுதான் போனேன். எழுதினத எடுத்து இவளாண்ட குடுத்திருந்தா ஒரு போன்கூட வந்திருக்காது. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் நோட்ட ஒருத்தர் பாக்க மாட்டோம். பூட்டி வச்சிட்டேன்."

கோவிந்தம்மா மருமகளைப் பார்க்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளே டிவிக்குப் பக்கத்தில், சின்ன மாடத்தில், சார்ஜரில் மாட்டியபடி அந்த போன் இருந்தது. கடைசியாகக் கடலுக்குப் போன அன்று வெற்றி கரையிலேயே வைத்துவிட்டுப் போன போன். அவள் பின்னால் அது ஒரு சின்னப் பச்சை விளக்கோடு மினுங்கியது.

"நீ பூட்டி வச்சது நல்லதாப் போச்சு நைனா" என்றாள். "முப்பது தபா எம்புள்ள கடலுக்குப் போயி வந்தான்."

அவள் மெஹ்னாஸ் பக்கம் திரும்பினாள்.

"மொத தபா நீ கூப்புட்டப்போ சொல்லிடத்தான் வாயத் தொறந்தேன். நீ இன்னா சொன்ன? வெற்றி சார்கிட்ட பேசலாமான்ன. அவன எல்லாரும் டேய்னு கூப்புடுவாங்க. ஹார்பர்ல வேலைக்குப் போனானே, அங்க தம்பின்னுவாங்க. சார்னு ஒருத்தர் கூப்புட்டதில்ல. படிக்க வச்சதே அதுக்குதான். ஒருத்தர் சார்னு கேக்கறப்போ, அவன் செத்துட்டான்னு எப்டிம்மா சொல்லுவேன்? இன்னொரு தபா கேட்டுக்கலாம்னு இருந்துச்சு. அப்பால இன்னொரு தபா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல அத்த" என்றாள் ஜோதிகா.

"சொன்னா நீ போனப் புடுங்கி உண்மையச் சொல்லிடுவ. நீ அப்டித்தான். நேரா பேசறவ." அது திட்டா பாராட்டா என்று தெரியவில்லை.

சாப்பிடாமல் அவர்களைப் போக விடவில்லை. நாலு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். கோவிந்தம்மா பரிமாறினாள். மெஹ்னாஸின் தட்டில் இறாவைத் தேடித் தேடிப் போட்டாள். காரியத்தைப் பற்றி பிரகாஷ் இரண்டு தடவை ஆரம்பித்தான். இரண்டு தடவையும் அவள், "கொழம்பு போதுமா?" என்று கேட்டாள். கிளம்பும்போது மெஹ்னாஸ், "அம்மா, இனிமே நான் கூப்புட மாட்டேன்" என்றாள். அதை அவள் சொல்லியே ஆக வேண்டும். கோவிந்தம்மா தலையாட்டினாள். அவள் புரிந்துகொண்டாளா, வெறுமனே தலையாட்டினாளா என்று ரயிலில் திரும்பும் வழியெல்லாம் மெஹ்னாஸ் யோசித்துக்கொண்டு வந்தாள்.

ஆடி பிறந்தது. வெள்ளைப் பலகையில் இப்போது ஒரே பட்டியல்தான் இருந்தது. அஜின் ஃபாதர் தானே பழைய எழுத்தை அழித்திருந்தார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஷாகுல் ஹமீதின் கடைக்குப் பிரகாஷும் மெஹ்னாஸும் சேர்ந்து போனார்கள். "சண்டை தீந்துச்சா? எனக்கே பேஜாரா இருந்துச்சு" என்று அவர் டீ வாங்கிக் கொடுத்தார். வேலை முன்பைவிட நன்றாகவே நடந்தது. ஆனால் போனை எடுக்கும்போதெல்லாம் மெஹ்னாஸுக்கு முதல் வார்த்தை வருவதற்குள் ஒரு தயக்கம் வந்தது. எதிர்முனையில் இருப்பவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று காது முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒரு செய்தியும் இல்லை. அந்தப் பெயரை இன்னும் யாரும் அடிக்கவில்லை.

அமாவாசைக்கு முதல் நாள் ஜோதிகா பிரகாஷுக்கு போன் செய்தாள். அவன் கேட்டுக்கொண்டே மெஹ்னாஸைப் பார்த்தான். போனை வைத்துவிட்டு எழுந்து அவள் மேசைக்கு வந்தான்.

"அத்தை ஒத்துகிச்சு. நேத்து அதுவே லுங்கியையும் சட்டையையும் எடுத்து மடிச்சு வச்சுதாம். ஆனா ஒண்ணு. உடம்பு கரைக்கு வராத ஆளுக்குத் துணிய வுடறதுக்கு முந்தி, கரைல நின்னு மூணு தபா பேர் சொல்லிக் கூப்புடணும். பதில் வரலைன்னாத்தான் வுடணும். அது எங்க வழக்கம். வூட்டாளுதான் கூப்புடணும். பொண்டாட்டி பேர் சொல்லக் கூடாது. அப்பனும் இல்ல. அத்தை தன்னால ஆவாதுன்னிடுச்சு."

"அப்ப யாருண்ணா?"

"உன்னக் கூட்டியாரச் சொல்லுது. அவனுக்கு உன் கொரல்தான் பழக்கம்னு சொல்லுது."

மெஹ்னாஸ் மேசையிலிருந்த போனைப் பார்த்தாள். தன் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று ஒரு கணம் நினைத்தாள். இது எந்த மதத்தின் காரியம், இதில் தனக்கு என்ன இடம் என்றும் நினைத்தாள். ஆனால் முப்பது தடவை கூப்பிட்டது அவள்தான். அதை வேறு யாரும் வந்து முடிக்க முடியாது.

"நீயும் கூட நில்லுண்ணா" என்றாள்.

அந்த வருடம் ஆடி அமாவாசை வியாழக்கிழமையில் வந்தது. மாதத்தின் நாலாவது வியாழன். காலையில் கரையில் நிறையப் பேர் தங்கள் தங்கள் செத்தவர்களுக்காக எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்கள். குப்பத்து ஆட்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். வெயில் ஏறவில்லை. காற்று தெற்கிலிருந்து வந்து மெஹ்னாஸின் தலைத்துணியை இழுத்தது. கோவிந்தம்மா மடித்த லுங்கியைக் குழந்தையைப் பிடிப்பதுபோல மார்போடு பிடித்திருந்தாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைக்குள் அந்த போன் புடைத்துத் தெரிந்தது. ஜோதிகா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கூப்புடு கண்ணு" என்றாள் கோவிந்தம்மா. "நீ எப்பவும் கூப்புடறாப்புலயே கூப்புடு."

அலை கணுக்காலைத் தொட்டது. மெஹ்னாஸ் வாயைத் திறந்தாள்.

"வெற்றி சார்."

அது அலுவலகக் குரல். கரையிலிருந்து பத்தடிகூடப் போயிருக்காது. யாரோ ஒரு கிழவர், "சத்தமா" என்றார்.

"வெற்றி சார்."

இந்தத் தடவை குரல் அலைக்கு மேலே போனது. அவள் முகமறியாத ஒருவனுக்காக, பட்டியலில் ஒரு வரியாக இருந்தவனுக்காக, அவள் இன்னும் கொஞ்சம் தண்ணீருக்குள் இறங்கினாள். மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. பக்கத்தில் பிரகாஷ் ஒரு அடி முன்னால் வந்தான். அவன் ஆரம்பித்தான், பாதியில் அவள் குரலும் வந்து சேர்ந்துகொண்டது. இரண்டு குரலும் ஒன்றாக, துறைமுகம் வரை கேட்கும்படி, அந்தப் பெயரைக் கூப்பிட்டன. சாரையும் சேர்த்து.

பிறகு எல்லோரும் பேசாமல் நின்றார்கள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. குப்பத்துப் பெரியவர்கள் கோவிந்தம்மாவைப் பார்த்தார்கள், கோவிந்தம்மா மெஹ்னாஸைப் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு அலை வந்து காலடியில் விழுந்தது. அவள் மனதுக்குள் ஒன்று என்றாள். இரண்டு. மூன்றாவது அலை கொஞ்சம் தாமதமாக வந்தது, அந்தத் தாமதத்தில் யாரோ கை துடைத்துக்கொண்டு எழுந்து வருவதுபோல இருந்தது. நாலு. அலைக்குப் பின்னால் காற்று, காற்றுக்குப் பின்னால் அந்த மூச்சு. ஐந்து. இப்போது அது ஜோதிகாவின் மூச்சு இல்லை. ஜோதிகா பக்கத்தில் நின்று வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். ஆறு. ஏழு. கரையிலிருந்த எல்லோரும் கடலைப் பார்த்துக் காதைக் கொடுத்து நின்றார்கள். எட்டாவது அலை அவர்கள் முழங்கால்வரை ஏறி, காலடி மண்ணை உருவிக்கொண்டு இறங்கியது.

மெஹ்னாஸ் அசையவில்லை. ஒன்பதாவதுக்கும் நிற்கத் தயாராக இருந்தாள்.

கோவிந்தம்மா குனிந்து லுங்கியைத் தண்ணீரில் விட்டாள். அது விரிந்து, ஒரு தடவை கரைப்பக்கம் திரும்பி, பிறகு போனது.

"போதும் கண்ணு" என்றாள். "வெச்சிடு."